தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி இல்லை, சீட்டு இல்லை, சிகரெட்டும் இல்லை (இருந்திருந்தால் இவ்வளவு கேவலப்பட்டிருக்க மாட்டோம் என்பாள் என் மனைவி லில்லி). படிவங்களில் கொடுத்திருக்கும் இடம் எனக்குப் போதாது. அதுதான் அந்தப் பழக்கம். காட்கோபரில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக கிளார்க் வேலை. எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் கட்டம் சிறியதாகவே தெரியும். உடனே கட்டத்துக்குள் 'தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிவிட்டு, முழுத்தாள் ஒன்றை எடுத்து, வரிசை எண் போட்டு, இரண்டு பக்கமும் நிரப்பி, இடது மூலையில் பின் அடித்துவிடுவேன். ஆபீஸில் இதனால் எனக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர்தான் இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பரில், தாராவியில் நாங்கள் குடியிருக்கும் ஏழு மாடிக் கட்டடத்தின் வாசலில், பட்டப்பகலில் என் தோலை உரித்தது.

என் தோலோடு போயிருந்தால் பரவாயில்லை. என் மகள் கெசியாவின் தோலும் சேர்ந்து உரிந்தது. அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டே எழுத உட்கார்ந்தும் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

கெசியாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த வருடம் அக்டோபரில் இரண்டு பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள், அதில் இவளும் ஒருத்தி. "ரெஸ்ட் எடுக்கப் போறேன் டாடி" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் மொத்தம் இருப்பது ஒரு ஹால், ஒரு உள் அறை, நின்றால் இடித்துக்கொள்ளும் ஒரு அடுக்களை. அதில் ஒரு அறையின் கதவு சாத்தியே கிடந்தால் வீட்டில் பாதி இல்லாமல் போனது மாதிரி. சொந்தக்காரர்களிடம் "வீட்டுலருந்தே வேலை பாக்கா" என்று சொல்லி வைத்தோம். அவள் பார்த்த வேலையெல்லாம் ஒன்றுதான். குளியலறைக்குப் போவாள், குழாயை முழுதாகத் திறந்துவிடுவாள், அரை மணி நேரம் தண்ணீர் ஓடும். குழாய்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று நினைத்திருக்கிறாள். அழுகையை விடப் பயமாக இருந்தது அந்தக் குழாய்ச் சத்தம்தான்.

நான் பயந்த சுபாவம். நாளுக்குப் பதினான்கு தடவை அவள் கதவுக்கு வெளியே போய் நிற்பேன் (மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று). உள்ளேயிருந்து குரல் வரும்: "டாடி, உங்க செருப்பு தெரியுது. ஜாவ் நா, போங்க!"

அந்த நாட்களில் எனக்கும் லில்லிக்கும் ஒரு ரகசிய வழி இருந்தது. கெசியா பிறந்து வளர்ந்தது பம்பாயில், படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவாள், சொல்வதெல்லாம் புரியும், ஆனால் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் நான் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தபோது 'ஈ'யோடு ஓடிப்போனவள். ஆகவே அவளைப் பற்றிய எல்லாச் செய்திகளையும் நாங்கள் தமிழில் எழுதி பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவோம். 'இன்று ரெண்டு தோசை சாப்பிட்டாள். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ள வேண்டாம்.' 'வேலை பற்றி வாய் திறக்காதே.' அவள் அதே கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போவாள். தமிழில் எழுதிவிட்டால் பூட்டி வைத்த மாதிரி என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். சபையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கெசியா மூன்று நாள் போட்ட அதே டீ-ஷர்ட்டோடு, சீவாத தலையோடு, அவர்கள் நடுவே நடந்துபோய் பிரிட்ஜைத் திறந்தாள். அவர்கள் போன பிறகு நான் சொன்னேன்: "ஆளு வார நேரத்துல இப்பிடியா வந்து நிப்ப? ஒன்னால எனக்கு வெளிய தலகாட்ட முடியல."

அவள் பாட்டிலை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பிரிட்ஜைப் பார்த்துச் சொல்வாள். டிசம்பர் முதல் வாரத்தில் பிரிட்ஜிடம்தான் அதையும் சொன்னாள்.

"ட்வென்டி தேர்ட் காலைல புனே போறேன். ரியா ரூம்ல இருப்பேன். கிறிஸ்மஸ் எல்லாம் மேரேக்கோ நஹி சாஹியே, வேணாம்."

நான் பிரிட்ஜ் சார்பாகக் கேட்டேன்: "எப்பம்மா திரும்பி வருவ?"

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' எனக்குள் இறங்கிய விதம் சொல்லி முடியாது. அவள் போனால் திரும்பி வரமாட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. இருபத்து மூன்றாம் தேதிக்குள் இந்த வீட்டை அவள் இருக்க விரும்பும் வீடாக மாற்றியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆறுதலையும் சந்தோஷத்தையும் வரவழைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கடைக்குப் போவது.

பன்னிரண்டு முனை வைத்த நட்சத்திரம் ஒன்று வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது ஜன்னலை விடப் பெரியது என்று தெரிந்தது. இருப்பது ஒரே ஒரு நல்ல ஜன்னல், கெசியாவின் அறையில். அதற்கு வெளியே கட்டிவிட்டேன். அவள் அறைக்குள் வந்துகொண்டிருந்த கொஞ்ச நஞ்ச வெளிச்சமும் போய், பதிலாக சிவப்பும் பச்சையும் மாறி மாறி அடித்தது. காலை ஆறு மணிக்குப் போனில் கிறிஸ்மஸ் பாட்டு வைத்தேன். லில்லி முந்திரிக்கொத்து சுட்டாள். அந்த வருடம் பாகு முற்றிப்போய், கடித்தால் பல் யோசித்தது. வீடு முழுக்கச் சந்தோஷத்துக்கான சாமான்கள். சந்தோஷம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தது.

இந்த நேரத்தில்தான் சபையில் கீத பவனிப் படிவம் கொடுத்தார்கள். டிசம்பரில் பாடகர் குழு வீடு வீடாக வந்து பாடி, ஜெபித்து, பலகாரம் வாங்கிக்கொண்டு போகும். வீட்டுக்கு வர வேண்டியவர்கள் பெயர், முகவரி, எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா என்றெல்லாம் எழுதித் தர வேண்டும். கடைசிக் கட்டம்: ஜெபக் குறிப்பு. மற்றவர்களெல்லாம் அதில் 'சுகம், சமாதானம்' என்று எழுதுவார்கள். ஒன்றரை அங்குலக் கட்டம்.

என் பிரச்சினை ஒன்றரை அங்குலத்தில் அடங்குமா?

படிவம் நேராக எங்கள் ஐயர் கைக்குப் போகும் (போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்). ஐயர் மென்மையான மனிதர். எவ்வளவு பெரிய கஷ்டத்தையும் கண்ணை மூடி இரண்டு வாக்கியத்தில், யாருக்கும் வலிக்காமல் ஆண்டவரிடம் சொல்லிவிடுவார். அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றுதான் எழுதினேன். லில்லிக்குக்கூடக் காட்டவில்லை. கட்டத்தில் 'தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, தாள் எடுத்து, எண் போட்டேன். மனதில் இருந்ததெல்லாம் கொட்டியது. ஆறு குறிப்புகள். கையெழுத்து, தேதி, பின்.

பவனி வந்தது இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு. கட்டடத்தில் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம். நான் கோட்டு போட்டுக்கொண்டு பலகாரத் தட்டோடு கீழே நின்றேன். முதல் அதிர்ச்சி, ஐயர் வரவில்லை. குர்லாவில் ஓர் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதில் படிவக் கட்டோடு வந்தவர் தங்கதுரை அண்ணன். ரயில்வேயில் முப்பது வருடம் ஸ்டேஷனில் அறிவிப்பு செய்து ரிட்டயரானவர். பிளாட்பாரம் மாறியதைச் சொன்னால்கூட ஒரு ஊரே எழுந்து ஓடும், அப்படிப்பட்ட குரல். அதற்கு மேல் சட்டையில் குத்தும் மைக் வேறு.

இரண்டாவது அதிர்ச்சி, அவர் படிவத்தைப் பார்த்துச் சொன்னது. "லிப்ட் இல்லன்னு நீரே எழுதிருக்கீரே ஜெயசிங். நாலு மாடி தபேலாவைத் தூக்கிட்டு ஏற முடியாது. கீழயே நின்னு பாடிருவோம். ஸ்பீக்கர மேல பாத்துத் திருப்பு!"

திருப்பினார்கள். இரண்டு பாட்டு பாடினார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் ஆடினார். நான்காம் மாடியில் என் நட்சத்திரம் சிவப்பும் பச்சையுமாக மின்னியது. அதற்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்த மாதிரி இருந்தது. கெசியா ஜன்னலுக்கு வந்திருக்கிறாள்! வேலை செய்கிறது, என் திட்டம் வேலை செய்கிறது என்று நினைத்தேன் (முட்டாள்).

தங்கதுரை அண்ணன் பாட்டை நிறுத்தச் சொல்லி, தாளைப் புரட்டினார். "ஜெபக் குறிப்பு. தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது" என்று மைக்கில் வாசித்தார். பின் அடித்த தாளைப் பிரித்தார். அப்போதுதான் எனக்கு நடக்கப்போவது புரிந்தது.

"அண்ணே, அது ஐயருக்கு... அத விட்டுருங்கண்ணே" என்று ஓடினேன்.

நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்துவிட்டார் மனிதர். "முழங்கால் போடும் தம்பி" என்று என்னை அமுக்கி உட்காரவைத்து, இடது கையை என் தலைமேல் வைத்தார். வைத்தார் என்பது சரியல்ல. ஆணி அடித்தார். ஜெபிக்கிறவர் கை தலையில் இருக்கும்போது எழுந்து ஓடக் கூடாது என்பது பிறந்ததிலிருந்து எனக்குள் ஊறியது. ஓடவும் முடியவில்லை.

"குறிப்பு எண் ஒன்று. லிப்ட்."

ஆமாம், முதல் குறிப்பு லிப்ட்தான். நான்கு மாதமாக ஓடவில்லை, பொறுப்பானவர்களின் மனதைத் தேவன் தொட வேண்டும் என்று எழுதியிருந்தேன். மாடி வராந்தாக்களில் ஆள் சேர ஆரம்பித்தது. தமிழ் தெரியாத மூன்றாம் மாடி சவிதா தாயி கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, முதல் மாடி காதர் பாயிடம் கேட்டார்: "பாய், கியா போல் ரஹே ஹை?"

காதர் பாய்க்குக் கடையநல்லூர். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். உதவி என்றால் யோசிக்கவே மாட்டார், அன்றும் யோசிக்கவில்லை. "லிஃப்ட் கே லியே துவா மாங் ரஹே ஹை!" என்று லிப்டுக்கான ஜெபத்தை இந்தியில் ஏழு மாடிக்கும் கேட்கக் கத்தினார்.

கட்டடமே ஆரவாரம் செய்தது. கதவுகள் திறந்தன. எல்லா மதத்தாரும் கை தட்டினார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை.

"குறிப்பு எண் இரண்டு. மகள் கெசியா. வேலையிலிருந்து நீக்கப்பட்டு மூன்று மாதம் ஆகிறது. உறவினரிடம் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகப் பொய் சொல்லியிருக்கிறோம், மன்னிக்கவும்."

பாடகர் குழுவில் பாதிப் பேர் எங்கள் உறவினர்கள். காதர் பாயின் மொழிபெயர்ப்பு மேலே போயிற்று: "பேட்டி கி நௌக்ரி சலி கயி!" வராந்தாக்களில் "அரே ரே" என்ற சத்தம்.

"குறிப்பு எண் மூன்று. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்."

கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். காதர் பாய் மொழிபெயர்க்கவில்லை. சவிதா தாயி மறுபடி "கியா போலா பாய்?" என்றதற்கு, "குச் நஹி தாயி, குச் நஹி" என்று ஒன்றுமில்லாததாக்கினார். அந்த நல்ல மனிதருக்கே தாங்கவில்லை.

"குறிப்பு எண் நான்கு. மனைவி லில்லியின் முன்கோபம்." மாடியில் ஒரு பாத்திரம் விழுந்தது.

"குறிப்பு எண் ஐந்து. இருபத்து மூன்றாம் தேதி வீட்டை விட்டுப் போகிறாள். திரும்பி வருவாளா என்று தெரியவில்லை. இந்தக் கிறிஸ்மஸுக்கு அவள் எங்களோடு இருக்க வேண்டும்.

குறிப்பு எண் ஆறு. உன்னால் எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அது பொய். எனக்குப் பயம், அதனால் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியம் இல்லை. இப்படிக்கு, கீழ்ப்படிந்துள்ள, ஜெயசிங்."

'கீழ்ப்படிந்துள்ள' வரைக்கும் வாசித்தார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஜெபித்து "ஆமென்" என்றார். கை எடுத்தார். நான் மேலே பார்த்தேன். என் கண் முன்னாலேயே நட்சத்திரம் அணைந்தது. சுவிட்ச் கெசியாவின் அறைக்குள்தான் இருக்கிறது.

தபேலாக்காரருக்கு எதுவும் உறைக்கவில்லை போல. வழக்கப்படி இருப்பதிலேயே வேகமான பாட்டை ஆரம்பித்தார். அதற்கு யாரும் ஆடவில்லை.

மாடி ஏறிய அந்த நான்கு மாடியும் எனக்குத் தனியாக ஒரு ஆயுள். வாசலில் லில்லி நின்றாள்.

"என்னத்த எழுதித் தொலச்சிய?"

"ஐயருக்குத்தான் லில்லி..."

"எனக்கு முன்கோபமா? எனக்கா?" என்றாள். பிறகு அவளே அழுதாள். "பிள்ள கதவ உள்ள பூட்டிட்டா. தட்டுனா சத்தமே இல்ல."

அன்று சாயங்காலம் முழுக்க எங்கள் வீட்டுக்குத் தட்டுகள் வந்தன. சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி மெதுவாக வந்தார்கள். சவிதா தாயி கரஞ்சிப் பலகாரம் கொண்டுவந்து, சாத்திய கதவைப் பார்த்து "பேட்டா, என் பையனும் ரெண்டு வருஷம் சும்மாதான் இருந்தான்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். காதர் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அவரே கொண்டுவந்து வாசலில் நின்றார்.

"வே ஜெயசிங், நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது. லிப்டோட முடிஞ்சிரும்னுல்லா நெனச்சேன்."

"நானும் லிப்டோட நிறுத்திருக்கணும் பாய்" என்றேன்.

கதவு திறக்கவில்லை. நான் வெளியே நின்றேன். இந்த முறை செருப்பு தெரியுது என்றுகூட அவள் சொல்லவில்லை. 'மன்னிச்சிரும்மா' என்ற ஒரு சொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எழுதினால் இரண்டு பக்கம் வரும். பேசினால் ஒரு சொல் வரவில்லை.

மறுநாள் காலை அவள் பெட்டியோடு கிளம்பினாள். தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். "வேணாம்" என்றாள். அது நேராக என்னிடமே சொன்னது. ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் சொல். அவள் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது.

அந்தக் கிறிஸ்மஸ் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனோம். எல்லோரும் என் கையை வழக்கத்தை விட நீளமாகக் குலுக்கினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று தட்டு வைத்து, ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள் லில்லி. நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் அந்தச் சத்தம் ஒன்றுதான். அணைந்த நட்சத்திரத்தை அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. கெசியா.

"டாடி, அந்தப் பேப்பர் இருக்கா?"

தங்கதுரை அண்ணன் அதைப் பத்திரமாக என் கோட்டுப் பையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். "இருக்கும்மா. கிழிச்சிருதேன்."

"கிழிக்காதீங்க. அந்த அங்கிள் ரொம்ப ஃபாஸ்ட்டா படிச்சாரு. சிக்ஸ்த் பாயிண்ட் மட்டும் படிங்க."

"இப்பவா?"

"இப்ப."

வாசித்தேன். என் குரலில், என் வாயால், மைக் இல்லாமல். 'அது பொய்' வரைக்கும் வந்ததும் குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கெசி? கெசி, என்னம்மா?"

"பாத்திரம் கழுவுறேன் டாடி. ரிலாக்ஸ்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "கீழ்ப்படிந்துள்ளன்னா என்ன?"

"ஒபீடியன்ட்லி."

"பாகல், பைத்தியம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இருபத்தேழாம் தேதி மத்தியானம் வாசலில் பெட்டியோடு நின்றாள். "அங்க தண்ணி வரல" என்றாள். நாங்கள் வேறு காரணம் எதுவும் கேட்கவில்லை. ஹாலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்துப் பார்த்து, "மம்மி, இது ஃபுட்டா, ஸ்டோனா?" என்றாள். லில்லிக்கு முன்கோபம் வரவே இல்லை. எங்களுக்குக் கிறிஸ்மஸ் அன்றுதான் வந்தது, ஏழெட்டு நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு அவள் மறுபடி உள் அறைக்குப் போய்விட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அடுத்த மூன்று மாதம் குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கதவு முழுதாகச் சாத்தவில்லை. ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தாள், என் செருப்பு தெரிகிற அளவுக்கு.

இப்போது தாணேயில் வேலைக்குப் போய் வருகிறாள். இன்றைக்கும் குளியலறையில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் நான் பேப்பரைக் கீழே வைத்துவிடுவேன். தபேலாச் சத்தம் கேட்டால் என் கை தானாகத் தலைக்குப் போகும். கட்டடத்தில் என் பெயர் 'லிஃப்ட்வாலா அங்கிள்' (லிப்ட் பிப்ரவரியில் சரியானது, அந்தப் பெருமை எனக்கே கிடைத்தது). வீட்டில் நான் அறிவுரை சொல்ல வாயைத் திறந்தால், "டாடி, இது இவ்ளோதானா, தனித்தாள் இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. கெசியா தமிழ் வாசிக்கப் படித்துவிட்டாள். யாரிடமும் சொல்லாமல், போனைப் பார்த்தே படித்திருக்கிறாள். ஒருநாள் பிரிட்ஜ் முன்னால் நின்று, விரல் வைத்து எழுத்துக் கூட்டி, 'இ-ன்-று மு-க-ம் தெ-ளி-வு' என்று உரக்க வாசித்தாள். அன்றோடு எங்கள் ரகசியத் தொடர்பு முடிந்தது. இனி இந்த வீட்டில் எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு மொழியும் இல்லை.

போன வாரம் இந்த வருடத்துப் படிவம் வந்தது. நான் பேனாவைத் தேடுவதற்குள் அவள் வாங்கிக்கொண்டாள். கோணல் மாணலான எழுத்தில் நிரப்பி என்னிடம் நீட்டினாள்.

ஜெபக் குறிப்பு: டாடி பயப்படாமல் தூங்க.

அதற்குக் கீழே, கட்டத்துக்குள்ளேயே, இரண்டு முறை அடிக்கோடிட்டு: தனித்தாள் இல்லை.